வடக்கே பார்த்தவர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியும் முன் வந்து நிற்கிறவர்கள் கிழக்கேதான் பார்ப்பார்கள். 2025 ஜனவரி 29 அன்று தை அமாவாசை. அதனால் தெற்கே பார்த்து உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். எள்ளும் தண்ணீரும் விட்டு, தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பழைய கலங்கரை விளக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, கருங்கல் கொட்டிய கரையோரத் திட்டு. எழுபதைத் தாண்டிய வயது. காதை மூடிய மப்ளர், அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி. மடியில் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தது. மூலைகள் தேய்ந்து தையல் நூல் தெரிந்தது. சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று பச்சை. பக்கத்தில் ஒன்பது பத்து வயதுப் பெண்பிள்ளை, ஸ்வெட்டருக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தாள். அவள் கையில் கைப்பேசி. திரையில் ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. கீழே எண்கள் குறைந்துகொண்டிருந்தன.

நான் இரண்டடி பின்னால் நின்றேன். பேச்சுக் கொடுக்கவில்லை. கடைசிவரை கொடுக்கவும் இல்லை.

பெரியவர் திரையைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைத் திருப்பி முள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 6.23.

"கிளம்பிடுச்சு."

"இல்ல தாத்தா. இன்னும் இருபது இருக்கு."

"போன்ல லேட்டாத்தான் வரும் பாப்பா. அங்க கிளம்பியாச்சு."

அவள் வடக்கே பார்த்தாள். கோட்டக்குப்பம் பக்கத்து விளக்குகள், அதற்கு வலப்பக்கம் கடல், கடலின் மேல் தை மாதத்துப் பனிமூட்டம். வேறொன்றும் இல்லை.

"எங்க தாத்தா?"

"பொறு. பூமி குறுக்க நிக்குது. அது ஏறி எட்டிப் பாக்கணும்."

ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கிட்டத்தட்ட நேர் வடக்கு, ஒரு விரற்கடை கிழக்கே சாய்வு. அத்தனை தூரத்தில் பூமியின் வளைவு ஏவுதளத்தை முழுக்க மறைத்துவிடும். ராக்கெட் மூன்று கிலோமீட்டராவது ஏறினால்தான் நம் கரையிலிருந்து கண்ணில் படும். அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மூட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம். எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்ட பிறகு வருகிற அந்த வெறும் நேரம் இருக்கிறதே, ராக்கெட் பார்ப்பதில் அதுதான் நெஞ்சை அழுத்துகிற பகுதி என்று எனக்குத் தோன்றும். போனதா, நின்றதா, வெடித்ததா எதுவும் தெரியாது. சத்தமும் உதவாது. இந்தத் தூரத்துக்கு ஒலி வந்து சேரப் பத்து நிமிடம் பிடிக்கும், வழியிலேயே கரைந்துபோகும்.

மூட்டத்துக்கு மேலே ஒரு பொட்டு எழுந்தது.

சாமி விளக்கின் சுடரைவிடக் கொஞ்சம் பெரியது, ஆரஞ்சு நிறம். அசையாமல் நிற்பது போலத்தான் இருந்தது. பிறகு அதன் கீழே புகை ஒரு கோடாக நீண்டது. நாங்கள் நின்ற இடத்தில் இன்னும் வெயில் இல்லை. ஆனால் அத்தனை உயரத்தில் விடிந்துவிட்டிருந்தது. புகைக் கோட்டின் அடிப்பாதி சாம்பல், மேல்பாதி பொன். கோடு மெல்ல வலப்பக்கம், கிழக்கே, கடலை நோக்கிச் சாய்ந்தது. பெரியவரின் வலது கைச் சுட்டுவிரல் தொடையின் மேல் தாளம் போடுவதுபோல ஒவ்வொரு நொடிக்கும் அசைந்துகொண்டிருந்தது.

"ஏய், ராக்கெட்டு!" என்று யாரோ கத்தினார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்றார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் உள்ளங்கையில் தண்ணீரோடு திரும்பிப் பார்த்தார். விரலிடுக்கில் எள் ஒழுகியது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. பொட்டு மங்கி, புள்ளியாகி, போயே போனது. புகைக் கோட்டைக் காற்று பிய்த்துக் கோணலாக்கியது. சற்று நேரத்தில் சூரியன் வந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பெரியவர் நீலப் பேனாவை எடுத்தார்.

அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்ப்பது தப்பு. பார்த்தேன். பத்திரம் எழுதுகிறவர்களின் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஒரே அளவு. 29.1.2025. காலை 6.23. ஜி.எஸ்.எல்.வி.-எஃப்15. என்.வி.எஸ்.-02. 2,250 கிலோ. அதன் பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த ஒரு கட்டம், காலி. மேலே அந்தக் கட்டத்தின் தலைப்பு: இறங்கிய நாள்.

பெரியவர் பேத்தியிடம் பேச்சைத் திருப்பினார். "இது நூறாவது பாப்பா. 1979 ஆகஸ்ட் 10-ந்தேதி மொதல்ல விட்டாங்க. அது கடல்ல விழுந்துடுச்சு. அதையும் சேத்துத்தான் நூறு." ஏறியதெல்லாம் நீலம். இறங்கியதெல்லாம் பச்சை. அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டியபோது பச்சை குறைவாகவும் காலிக் கட்டங்கள் கூடுதலாகவும் தெரிந்தன.

சில வரிகள் கண்ணில் நின்றன. ஆர்யபட்டா, 19.4.1975, அது நம் கரையிலிருந்து போனதில்லை, சோவியத் மண்ணிலிருந்து போனது, ஆனாலும் எழுதியிருந்தார். இறங்கியது 1992 பிப்ரவரி. ரோகிணி ஆர்.எஸ்.-டி1, 31.5.1981, பச்சையில், ஒன்பது நாள். ரிசாட்-2, 20.4.2009, இறங்கியது 30.10.2022, ஜகார்த்தா பக்கத்துக் கடல். நாலு ஆண்டுக்கென்று செய்தது பதின்மூன்றரை ஆண்டு சுற்றியது. சந்திரயான்-3 வரிக்குக் கீழே தள்ளி எழுதிய ஒரு துணை வரி: மேல் கட்டம், 14.7.2023 – 15.11.2023, வட பசிபிக், 124 நாள். விண்கலம் நிலாவில் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதைத் தூக்கிவிட்ட கடைசிக் கட்டம் நாலு மாதம் ஒற்றையாகச் சுற்றிவிட்டுக் கடலுக்கு வந்ததை எத்தனை பேர் குறித்து வைத்தோம்? இந்த நோட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

மேலே போனது ஏன் கீழே வருகிறது என்பதை அவர் பேத்திக்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. "காத்து இங்கயே முடிஞ்சிடறதில்ல பாப்பா. மேல போகப் போக வெந்நீர் ஆவியாட்டம் மெல்லிசாகும். ஆனா இருக்கும். அதுல உரசி உரசித்தான் வேகம் கொறயும். கொறஞ்சா கொஞ்சம் எறங்கும். எறங்குனா காத்து இன்னும் கெட்டி. இன்னும் உரசும்." முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் விட்டது வாரங்களிலோ மாதங்களிலோ வந்துவிடும். அறுநூறு கிலோமீட்டரில் அதற்குப் பல பத்தாண்டு. ஆயிரத்துக்கு மேல் போனால் நூற்றாண்டுக் கணக்கு. 36,000 கிலோமீட்டரில் நிற்கிற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் இறங்கவே இறங்கா. ஆயுள் முடிந்ததும் இன்னும் சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத பாதையில் விட்டுவிடுவார்கள். அந்த வரிகளில் அவர் கட்டத்தைக் காலியாக விடாமல் ஒரு சிறு கோடு இழுத்திருந்தார்.

எப்போது விழும் என்று சொல்வதுதான் கடினம். சூரியன் கொதிக்கிற ஆண்டுகளில் மேல் வளிமண்டலம் உப்பும். அங்கே காற்று கெட்டிப்படும். பத்து நாள் கழித்து விழ வேண்டியது ஏழாம் நாளே விழும். 2022 பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் போன 49 ஸ்டார்லிங்க் கோள்களில் நாற்பது வரை இப்படித்தான் ஒரு சூரியப் புயலில் சிக்கி, ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறாமலே விழுந்தன. விழப்போகிற பொருள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு ஒரு நிமிடம் பிசகினால் புதுச்சேரிக்குப் பதில் கன்னியாகுமரி.

இந்த ஊருக்கு வானக் கணக்கு புதிதில்லை. 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இங்கே காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தியை மேகம் ஏமாற்றிய கதை பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிட நெருக்கமானது 1825-இல் நடந்தது. ஜான் வாரன் என்பவர் சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரிடம் அந்த ஆண்டு மே 31-ந்தேதி இரவு வரப்போகிற சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பினார். தாளில் ஒரு எண்கூட எழுதவில்லை. வாய்பாடு முழுவதும் நெஞ்சில் இருந்தது. தொடக்கம் நாலு நிமிடம் பிசகியது. முடிவு ஐம்பது நிமிடம் போலப் பிசகியது. வாரன் வியந்துபோய் அதைத் தன் 'கால சங்கலித' நூலில் பதிந்தார். அந்தச் சோழிகள் இன்றைய வேலைக்கு வரா, அந்த மனிதர் குறைந்தவர் என்பதால் அல்ல. சந்திரனைக் காற்று உரசுவதில்லை. அது என்றைக்கும் வாக்குத் தவறாது. கைவிட்ட ராக்கெட் கட்டம் அப்படியில்லை. உருண்டுகொண்டே வரும், சூரியனின் மனநிலைக்கு ஏற்ப வேகம் மாறும், தினமும் ராடார் வைத்துப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் அதற்கென்று ஒரு ராடார் இருக்கிறது. பெங்களூரில் 2022 ஜூலை முதல் தனி மையமே இருக்கிறது. உலக அளவில் கண்காணிப்பில் உள்ள பொருள்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். ஜோனத்தன் மெக்டவல் என்ற வானியலாளர் ஸ்புட்னிக் தொடங்கி ஏறியது, இறங்கியது எல்லாவற்றுக்கும் தனியொருவராகப் பட்டியல் வைத்திருக்கிறார். கடற்கரைத் திட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவரை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருவரும் ஒரே வேலைக்காரர்கள்.

வெயில் ஏறத் தொடங்கியது. வம்பாகீரப்பாளையம் பக்கமிருந்து ஒருவர் வந்தார், கைலியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. பெரியவருக்குப் பழக்கமானவர் போல.

"என்னா பெரியவரே, போயிடுச்சா?"

"போயிடுச்சு தம்பி."

"துண்டு கிண்டு நம்ம பக்கம் வருமா?"

அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. பெரியவரும் நிதானமாகவே பதில் சொன்னார். "இது வேற மாதிரி. இதுல பக்கத்துல கட்டுன மோட்டாரு தனியாக் கழலாது. நடுவுல இருக்கறதோட சேந்து தூரமாப் போயி விழும். அன்னிக்கு வந்தது பி.எஸ்.எல்.வி.யோடது."

அன்றைக்கு என்பது 2019 டிசம்பர் தொடக்கம். வம்பாகீரப்பாளையத்து மீனவர்களின் வலையில் நகராத பாரம் ஒன்று சிக்கியது. மீன் கூட்டமா, மூழ்கிய மரமா என்று பார்த்தால் இரும்பு உருளை. பதின்மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் குறுக்களவு. சில படகுகள் சேர்ந்து கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தன. உருளையின் மேல் பி.எஸ்.ஓ.எம்.-எக்ஸ்.எல். என்ற எழுத்து இருந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற ஆறு துணை மோட்டார்களில் ஒன்று. நவம்பர் 27 காலை 9.28-க்குத்தான் கார்ட்டோசாட்-3 அப்படி ஒரு ராக்கெட்டில் போயிருந்தது.

ஊரே பார்க்கப் போனது. நானும் போனேன். பிள்ளைகள் முட்டியால் தட்டி உள்ளே வெற்று ஓசை வருவதைக் கேட்டார்கள். பன்னிரண்டு டன் எரிபொருள் நிறைத்து அனுப்புகிற குழாய் அது. ஒரு நிமிடமும் சில நொடியும் எரிந்து தீர்த்துவிட்டு, ராக்கெட்டை விட்டுக் கழன்று கடலில் விழும். உள்ளே காலி என்பதால் மிதக்கும். ஏவுகிற நாளில் எந்தெந்தப் பகுதிக்குப் படகு போகக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதனால் தலையில் விழுகிற பயம் இல்லை. ஆனால் விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்காது. வாடைக் காலத்தில் இந்தக் கரையோரம் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். ஆந்திரத்தில் விழுந்த கட்டையைப் புதுச்சேரியில் பொறுக்கலாம் என்பது இந்தக் கரையில் வலை போடுகிற எல்லாருக்கும் தெரியும். கட்டை வந்த வழியில் மோட்டாரும் வந்தது.

கூட்டத்தில் ஒரு வயசான அம்மா அந்த உருளையின் மேல் கை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு கையை முகர்ந்து பார்த்தார். என்ன வாசனை என்று யாரும் கேட்கவில்லை. வலை கிழிந்தவர்கள் ஒரு பக்கம் குந்தியிருந்தார்கள். ஒரு வலை என்றால் எத்தனை மாதக் கடன் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த தினுசிலேயே தெரிந்தது. அதற்குள் விண்வெளித் துறையின் ஆட்கள் வந்து பார்த்தார்கள் என்று பேச்சு. ராக்கெட் இந்தியாவுக்குச் சொந்தம், பெருமை எல்லாருக்கும். எறங்குன துண்டு மட்டும் வலைக்காரனுக்கா என்று ஒருவர் கடலைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்றும் நியாயமாகத்தான் படுகிறது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூரியன் பே அருகே கரையில் ஒதுங்கிய பெரிய செப்பு நிற உருளையும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம்தான். அங்கே அரசாங்கமே அறிக்கை விட்டது. இங்கே வலையைத் தைக்க உட்கார்ந்தார்கள்.

நம் ஆட்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கற்றுக்கொண்டார்கள். 2001 அக்டோபரில் போன பி.எஸ்.எல்.வி.-சி3-இன் நாலாம் கட்டம், மிச்ச எரிபொருளோடு மேலே விடப்பட்டு, டிசம்பரில் வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதன் பிறகு மிச்ச எரிபொருளைத் திறந்துவிட்டுக் காலியாக்குவதை வழக்கமாக்கினார்கள். 2007-இல் ஏவிய கார்ட்டோசாட்-2 தானாக விழ முப்பது ஆண்டு ஆகியிருக்கும். எரிபொருள் இருக்கும்போதே பாதையைத் தாழ்த்திவிட்டதால் 2024 பிப்ரவரி 14 அன்று இந்துமாக்கடலில் விழுந்தது. மேகா-டிராபிக்ஸை 2023 மார்ச் 7 அன்று, இந்த இடம், இந்த நேரம் என்று குறிவைத்துப் பசிபிக்கில் இறக்கினார்கள். 2030-க்குள் குப்பை விடாமலே ராக்கெட் விடுவது என்று அறிவித்திருக்கிறார்கள். ஏற்றுவதைவிட ஒழுங்காக இறக்குவதற்கு அதிக மனசு வேண்டும். அந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது.

மீனவர் போய்விட்டார். பெரியவர் நோட்டை மூடும் முன் ஒரு காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்து நின்றார். அந்த வரி: 30.12.2024, இரவு 10.00, பி.எஸ்.எல்.வி.-சி60. கீழே துணை வரியில் 'நாலாம் கட்டம், போயம்-4'.

மறுபடி அவரைப் பார்த்தது ஏப்ரலில், முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு ராக்கெட் எதுவும் இல்லை. வண்டிகளை நிறுத்தி, சாலையை மறித்துத் தடுப்பு போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க அங்கே இறங்கியிருந்தது. பலூன்காரர்கள், சுண்டல்காரர்கள், வெளியூர்க் கூட்டம். அதே திட்டு. அதே வடக்கு. பேத்தி இப்போது நன்றாக விழித்திருந்தாள்.

அவர் பச்சைப் பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "நீயே எழுது."

"என்னா எழுதறது?"

"4.4.2025. பகல் 1.33. இந்துமாக்கடல்."

"இதுலதான காராமணி மொளச்சது?"

"ஆமா."

சி60-இன் நாலாம் கட்டத்தை வீணாகச் சுற்ற விடாமல் ஆய்வுப் பெட்டிகளை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றில் எட்டுக் காராமணி விதைகள். நாலே நாளில் முளை விட்டன. பிறகு இலையும் விட்டன. அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. கட்டத்தை முன்னமே 350 கிலோமீட்டருக்குத் தாழ்த்தி, மிச்ச எரிபொருளைக் காலியாக்கி விட்டிருந்தார்கள். 95 நாளில் வந்துவிட்டது.

அவள் பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள். "செடி என்னா ஆச்சு தாத்தா?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. மப்ளர் இல்லாத அவர் கழுத்தில் வியர்வை. அலை இரண்டு முறை கல்லில் அடித்து விலகியது.

"எரிஞ்சிருக்கும் பாப்பா. காத்துல வந்ததுமே."

அவள் குனிந்து எழுதினாள். உருண்டை எழுத்து, கோட்டுக்கு மேலே ஏறியும் இறங்கியும். தேதி, நேரம், கடல். எழுதி முடித்தவள் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் 'காராமணி – 8' என்று சேர்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு பக்கத்தைத் திருப்பினார். ஜனவரி 29-இன் வரி. அந்தக் கோள் போன சில நாளிலேயே அதன் வால்வு திறக்காமல், போக வேண்டிய உயரத்துக்குப் போக முடியாமல், நீள்வட்டப் பாதையிலேயே நின்றுவிட்டதென்று செய்தி வந்திருந்தது. வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் 'வால்வு' என்று ஒற்றைச் சொல். இறங்கிய நாள் கட்டம் காலியாகவே இருந்தது. பெரியவர் பச்சைப் பேனாவை அவளிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. அவள் அதன் மூடியைப் போட்டு, கவுன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.